மனசாட்சிக்கு ஒரு பின்கோடு

பெசன்ட் நகரில் நல்லவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. விடியற்காலையில் எலியட்ஸ் கடற்கரைக்கு வந்தால் வரிசையாகப் பார்க்கலாம். வீசி வீசி நடப்பார்கள். வழியில் பிளாஸ்டிக் பை கிடந்தால் குனிந்து எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில், கடற்கரை விளக்குகளை ராத்திரியில் அணைத்து வைக்கும்படி மாநகராட்சிக்கு மனுக் கொடுப்பார்கள். மனுவில் இலக்கணப் பிழை இருக்காது.

இந்தக் கூட்டத்தில் ஒருவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பழி ஒருத்தரோடு போய்விடும். இவரோ ஒருத்தர் இல்லை. பதவியைச் சொல்கிறேன்: திட்டப் பொது மேலாளர். ஆபீஸ் வடசென்னையில், எண்ணூர்ப் பக்கம். அங்கே பின்கோடு 600057. வீடு இங்கே, 600090. 1930இல் அடுத்தவரைக் காப்பாற்றக் கடலில் இறங்கி உயிரை விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்கு எலியட்ஸ் கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. தினமும் அதன் படியில் காலை வைத்துத்தான் நம்முடையவர் ஷூ லேஸை இறுக்கிக் கட்டுவார்.

இவருக்கு மனசாட்சி இல்லை என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். இருக்கிறது, நல்ல கண்டிஷனில் இருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன்.

2010 வாக்கில், கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடலோரமாகவே ஒரு பறக்கும் சாலை போடப் போவதாக அன்றைய அரசு சொன்னது. நீளம் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. செலவு ஆயிரம் கோடி ரூபாய் அளவில். தூண்கள் இறங்கும் வழியில் சீனிவாசபுரம் இருந்தது, அடையாறு முகத்துவாரம் இருந்தது, அதைத் தாண்டி ஊரூர் ஒல்காட் குப்பம் இருந்தது. குப்பத்து ஜனங்களுக்கு விஷயம் உடனே புரிந்தது. படகு ஏற்றும் மணல், வலை உலர்த்தும் மணல், கருவாடு காயப்போடும் மணல், சாயங்காலம் சீட்டாடும் மணல், பிள்ளைகள் பந்தடிக்கும் மணல் எல்லாம் ஒரே மணல்தான். அதற்குப் பட்டா கிடையாது. அரசு வரைபடத்தில் அது காலி இடம். காலி இடத்தில் தூண் நட என்ன தடை?

குப்பம் கூட்டம் போட்டது, மறியல் செய்தது, மனுக் கொடுத்தது. குப்பம் மட்டும் கத்தியிருந்தால் அந்தச் சத்தம் கோட்டை வரை போயிருக்காது என்பது என் கணிப்பு. நல்ல வேளையாக, பறக்கும் சாலை பறக்கப் போவது மாடி வீடுகளின் ஜன்னல்களுக்கு நேராகவும்தான் என்பது பெசன்ட் நகருக்கும் புரிந்தது. உடனே ஆமைகள் ஞாபகம் வந்தன. மீனவரின் வாழ்வாதாரம் ஞாபகம் வந்தது. நம் பொது மேலாளரும் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினார். “கடல் யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. இங்கே தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்பவர்களைக் கேட்காமல் ஒரு செங்கல்லைக்கூட வைக்க விடக் கூடாது” என்றார். குப்பத்து ஆட்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தச் சாலை வரவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் காலை அவர் வழக்கம்போலக் காரில் ஏறி எண்ணூருக்குப் போனார், தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்பவர்களைச் சமாளிக்க.

சமாளிப்பதுதான் அவர் வேலையே. கொதிகலன், குழாய், கன்வேயர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள எஞ்சினியர்கள் இருக்கிறார்கள். ஊரைப் பார்த்துக்கொள்ள இவர். எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று நமக்குத் தெரியும்: அனல்மின் நிலையங்கள், அவற்றின் சாம்பல் குட்டைகள், நிலக்கரி இறக்கும் துறைமுகம், உர ஆலை, கொஞ்சம் தள்ளி மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. நமக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது. நாம் பார்க்க வேண்டாதது எல்லாமும் அங்கேதான் இருக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், தண்ணீரில் கரைத்த குழம்பாகக் குழாய்களில் ஓடிச் சாம்பல் குட்டைக்குப் போகிறது. குழாய்கள் கழிமுகத்துப் பக்கமாகவே போகின்றன. அவை ஆண்டுக்கணக்காக ஒழுகின. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போயிற்று. கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்தவர்களின் கைக்குச் சாம்பல் சேறு வந்தது.

இதைப் பற்றி நம் பொது மேலாளருக்கு எல்லாமே தெரியும். எப்படிச் சொல்கிறேன் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரூர் குப்பத்து மீன் கடை வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

“சங்கரா எட்த்துக்க சார். இப்பத்தான் போட்டுல இருந்து எறங்குச்சி.”

அவர் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “எம்மா, இது எண்ணூர் பக்கத்து மீன் இல்லையே?”

“ஐயே! நம்ம போட்டு மீன் சார். இன்னாத்துக்குக் கேக்குறீங்க?”

“இல்ல, சும்மாத்தான்.”

அந்த அம்மாள் செதிலைச் சுரண்ட ஆரம்பித்தார். சார் பையை விரித்துப் பிடித்தார். அவர் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில், திட்டத்தால் மீன்வளத்துக்கு ஏற்படும் பாதிப்பு புறக்கணிக்கத்தக்க அளவிலேயே இருக்கும் என்று ஒரு வரி உண்டு. கீழே அவர் கையெழுத்தும் உண்டு. புறக்கணிக்கத்தக்க அந்தப் பாதிப்பைத் தன் குழம்புச் சட்டிக்குள் மட்டும் அவர் புறக்கணிக்கத் தயாராக இல்லை.

அந்த அறிக்கையை யார் எழுதுகிறார்கள் என்பதும் நம் ஜனங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. திட்டத்தைக் கொண்டுவரும் கம்பெனியே ஆலோசனை நிறுவனத்தைப் பிடிக்கும், கம்பெனியே பணம் கொடுக்கும். பெண்ணுக்கு வரன் எப்படி என்று விசாரிக்க, மாப்பிள்ளையே சம்பளம் கொடுத்து ஆள் அனுப்புகிற ஏற்பாடு. மகாராஷ்டிராவில் ரத்னகிரிப் பக்கம் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கை, ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்தது என்று கண்டுபிடித்தார்கள். கொங்கண் கடற்கரையில் ரஷ்யக் காடு! நம் ஊர் ஆட்கள் அந்த அளவுக்குச் சோம்பேறிகள் இல்லை. எண்ணூரில் செய்தது வேறு தரம். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது. 1997 தேதியிட்டு அடுத்ததாக ஒரு வரைபடம் புழங்கியது. அதில் கழிமுகமே இல்லை. ஆறு, அலையாத்தி, உப்பளம், தண்ணீர், நண்டு, எல்லாம் போயிற்று. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுக் கேட்டு 2017இல்தான் விவகாரம் சந்திக்கு வந்தது. கிணற்றைக் காணோம் என்று வடிவேலு புகார் கொடுத்தபோது வயிறு வலிக்கச் சிரித்தோமே, இங்கே ஒரு கழிமுகத்தைக் காணோம். சிரிக்க ஆள் இல்லை. காரணம், அந்தத் தண்ணீருக்கு மேல் அதற்குள் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது.

வரைபடத்தில் கழிமுகத்தின் கோட்டை அழித்த கை யாருடையது? எனக்கு அது ஒரு அரக்கனின் கை மாதிரித் தோன்றுவதில்லை. மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து, மேலிடம் சொன்னபடி கோட்டைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, சாயங்காலம் பிள்ளையை டியூஷனில் விடப்போன ஒரு சாதாரணக் கையாகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

இனி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். நம் பொது மேலாளரின் கலைத்திறமை முழுசாக வெளிப்படும் மேடை இதுதான். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட அறிவிக்கைப்படி இந்தக் கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் ஒருவரோ தலைமை ஏற்க வேண்டும். முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். சுருக்கம் மட்டும் தமிழில். 2020இல் இந்த விதிகளையே மாற்றி ஒரு வரைவு கொண்டுவந்தார்கள். முப்பது நாளை இருபதாகக் குறைக்கப் பார்த்தார்கள். அந்த வரைவையே முதலில் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும் போட்டுவிட்டு நாட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். பிற மொழிகளிலும் போடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டம் எப்படி நடக்கும் என்றால், வேலை நாளில் காலையில் வைப்பார்கள். கடலுக்குப் போனவன் கரை திரும்பி, மீனை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, உப்புச் சட்டையோடு வரும்போது மண்டபத்தில் முன் பத்து வரிசை நிறைந்திருக்கும். வேனில் வந்தவர்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள், ஒப்பந்தக்காரராக ஆசைப்படுபவர்களின் ஆட்கள். ஒருவர் பேசி முடித்ததும் இவர்கள் தட்டுவார்கள் அல்லது கத்துவார்கள். யார் பேசினால் எது என்று முன்னாலேயே முடிவு செய்திருப்பார்கள். வாசலில் லத்தியோடு போலீஸ். மேடையில் தண்ணீர் பாட்டில், பூங்கொத்து, ஏசி இல்லாததால் ராட்சத மின்விசிறி. பொது மேலாளர் படம் போட்டுக் காட்டுவார். படத்தில் ஆலையைச் சுற்றி எப்போதும் பச்சைப் புல். புகைபோக்கியில் புகை கிடையாது. கூடவே ஒரு வெள்ளைப் பறவை.

பிறகு ஊர்க்காரர்கள் பேசுவார்கள். ஒரு பெண் மைக்கைப் பிடித்ததும் திட்டத்தைப் பற்றியே பேச மாட்டாள். மாமியாரின் இருமலைப் பற்றிப் பேசுவாள். கொடியில் காயப்போட்ட துணியைப் பற்றிப் பேசுவாள். வெள்ளைச் சேலை சாயங்காலம் சாம்பல் சேலையாகிற கதையைச் சொல்வாள். “திட்டம் சம்பந்தமா மட்டும் பேசுங்கம்மா” என்று மேடையிலிருந்து குரல் வரும். இருமல் திட்டத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தானே! இரண்டு நிமிஷத்தில் மைக் அடுத்த கைக்குப் போகும். “உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது.” பதிவு செய்யப்படும், அதில் சந்தேகமே வேண்டாம். வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. நடவடிக்கைக் குறிப்பில் ஒரு பட்டியல் போடுவார்கள். இடப்பக்கம்: பொதுமக்களின் அச்சம். வலப்பக்கம்: நிறுவனத்தின் பதில். இடப்பக்கத்தில் ஒரு கிழவியின் நாற்பது வருஷம் ஒரு வரியாகச் சுருங்கியிருக்கும். வலப்பக்கத்தில் “உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.” வந்தவர்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்று சொன்னாலும் அனுமதி கொடுப்பதைத் தடுக்கிற சட்டம் எதுவும் கிடையாது. கேட்க வேண்டும் என்பதுதான் விதி. கேட்டதைக் கேட்டபடி நடக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வாசகம் அந்த அறிவிக்கையிலேயே இருக்கிறது. கூட்டம் தொடங்க கோரம் தேவையில்லை. அதாவது, ஒரே ஒரு பொதுஜனம்கூட வராவிட்டாலும் பொதுமக்கள் கருத்தைக் கேட்டுவிடலாம். காலி நாற்காலிகள் எதிர்ப்புத் தெரிவித்ததாக இதுவரை தகவல் இல்லை.

2024 டிசம்பரில் எண்ணூரில் 660 மெகாவாட் அனல்மின் விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்டார்கள். ஊர் வேண்டாம் என்றது. தென்சென்னைக்காரர்கள் இதையெல்லாம் வடக்கத்திச் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜனவரி கடைசி நாளில் கலைவாணர் அரங்கத்தில், மெரினாக் கடலுக்குள் 134 அடிப் பேனா வைக்கலாமா என்று கருத்துக் கேட்டதும், அது கூச்சலிலும் குழப்பத்திலும் முடிந்ததும் நினைவிருக்கும். சேப்பாக்கத்திலேயே அந்த லட்சணம் என்றால் எண்ணூர்ப் பக்கத்து எர்ணாவூரைக் கேட்பானேன்.

கூட்டம் ஒருநாள் கூத்து. மீதி வருஷம் முழுக்கப் பொது மேலாளருக்கு வேறு வேலை இருக்கிறது. மீனவ கிராமத்தில் நிர்வாகிகள் உண்டு. ஊர்க் கூட்டம் போட்டு முடிவெடுத்தால் எல்லோரும் கட்டுப்படுவார்கள். இந்தக் கட்டுப்பாட்டை இவர் அளவுக்கு மதிப்பவர் யாரும் இல்லை. மதிப்பதால்தான் முதலில் அதை உடைப்பார். ஒரு நிர்வாகியின் மச்சானுக்கு மணல் லாரி ஒப்பந்தம். இன்னொருவரின் பையனுக்கு ஒப்பந்தக் காவலாளி வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை, கம்பெனி பேரைக் கல்லில் வெட்டி. வேண்டாம் என்று பிடிவாதமாக நிற்கிறவனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. ஆறு மாசத்தில் ஊருக்குள் இரண்டு கோஷ்டி. அதன்பிறகு அறிக்கையில் எழுதலாம்: “உள்ளூர் மக்களிடையே திட்டத்துக்குக் கணிசமான ஆதரவு காணப்படுகிறது.”

அப்புறம் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டம் 135ஆவது பிரிவு, மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம். நிலத்தடித் தண்ணீர் கெட்ட ஊரில் கம்பெனி சின்னம் போட்ட ஆர்.ஓ. டேங்க். மூச்சு முட்டுகிற ஊரில் இலவச மருத்துவ முகாம், ஆனால் நுரையீரலுக்கு மட்டும் டாக்டர் வர மாட்டார். கண் டாக்டர் வருவார், பல் டாக்டர் வருவார். வலை சும்மா கிடக்கிற வீட்டுப் பெண்ணுக்குத் தையல் மிஷின். ஆற்றை எடுத்துக்கொண்டு ஊசி கொடுக்கிற இந்த வள்ளல்தன்மையைக் கடையெழு வள்ளல்கள் இருந்திருந்தால் பார்த்து நாணியிருப்பார்கள். படம் எடுத்து ஆண்டறிக்கையில் போடுவார்கள். வழவழப்பான தாள்.

விபத்து ஒன்று நடந்தால்தான் இந்த ஏற்பாட்டின் உறுதி தெரியும். 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கொட்டவே இல்லை என்பதுதான் முதலில் வந்த சேதி. எர்ணாவூர்க் கரையில் தார் மாதிரி அது மிதந்து வந்த பிறகு ஆட்களை இறக்கினார்கள். கையில் பிளாஸ்டிக் வாளி. உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. சரி, பாடம் படித்திருப்பார்கள் என்று நினைத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் பரவியது. எங்கள் குழாய் எதிலும் கசிவு இல்லை என்றது சென்னைப் பெட்ரோலியம். எண்ணெய் அங்கிருந்துதான் வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மறுபடி மீனவர்களே படகில் ஏறி எண்ணெயை மொண்டார்கள், மறுபடி வாளி, கூடவே மக்கு. ஏழு வருஷ முன்னேற்றம், மக்கு சேர்ந்ததுதான். பாதித்த மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது.

எண்ணெய் வாடை போவதற்குள் டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில். தேதியைக் கவனியுங்கள். 2004இல் அதே டிசம்பர் 26இல்தான் சுனாமிக்கு அதே ஜனங்கள் கடலைப் பார்த்து அலறி உள்ளே ஓடினார்கள். பத்தொன்பது வருஷம் கழித்துக் கடல் சும்மா இருந்தது. மனுஷன் போட்ட குழாய் விரட்டியது. ஆலையை நிரந்தரமாக மூடு என்று பெண்கள் மாசக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள். 2024இல் ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது.

“நான் இந்தச் சீட்டில் இல்லாட்டி இன்னொருத்தன் வருவான் சார். என்னைவிட மோசமானவனா இருப்பான்.” நம் பொது மேலாளர் இதை என்னிடமே சொல்லியிருக்கிறார், நிஜமான வருத்தத்தோடு. அந்த மோசமானவனை எனக்கு ஒரு முறையாவது பார்க்க ஆசை. இத்தனை வருஷமாக எல்லா நாற்காலியிலும் அவன் வந்துவிடக் கூடாதே என்று நல்லவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் வரவே இல்லை. நல்லவர்கள் மட்டுமே இருந்தும் கழிமுகம் எப்படியோ தானாகவே செத்துக்கொண்டிருக்கிறது.

“கரண்ட் வேண்டாமா?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. வேண்டும் ஐயா. எண்ணூர்க்காரன் என்றைக்கு வேண்டாம் என்றான்? பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலிருந்து 2017 வரை ஓடியது. இத்தனை வருஷமும் அந்தச் சாம்பலை மூச்சில் வாங்கிக்கொண்டு நம் வீட்டு ஃபேனைச் சுற்ற வைத்தவன் அவன். குழாயை ஒழுகாமல் போடு, ஆற்றில் கொட்டியதை அள்ளு, இருக்கிற இடத்தில் இன்னும் ஒன்றைக் கொண்டுவந்து திணிக்காதே என்றுதான் கேட்கிறான். குழாயை மாற்றக் காசு செலவாகும். அவனைச் சமாளிக்க அதைவிடக் குறைவாகவே செலவாகும். பொது மேலாளரின் பதவி உயர்வு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

சமாளிக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்று தூத்துக்குடியில் பார்த்தோம். மகாராஷ்டிராவின் ரத்னகிரியில் விவசாயிகள் எதிர்த்து விரட்டிய தாமிர ஆலைக்கு 1994இல் இங்கே அடிக்கல் நாட்டினார்கள். 2018 மே 22, போராட்டத்தின் நூறாவது நாள். போலீஸ் சுட்டதில் பதின்மூன்று பேர் செத்தார்கள். அதுவரை ஆலை நிர்வாகத்தில், ஆட்சியர் அலுவலகத்தில், வாரியத்தில், ஒவ்வொரு மேஜையிலும் நம் பொது மேலாளரைப் போன்ற ஒரு நல்லவர் உட்கார்ந்து கோப்பை நகர்த்திக்கொண்டுதான் இருந்தார். வெளியாட்களின் தூண்டுதல் என்று குறிப்பு எழுதினார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் அதிகாரிகள் மீதும் அன்றைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைத்தார்கள். அந்தச் சாவுகளுக்காக யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை. வெறுங்கோபத்தோடு இதை எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போக எனக்கே கூசுகிறது.

இப்போது எலியட்ஸ் கடற்கரைக்கு வருவோம். கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடலோரமாகப் பாலம் என்ற பேச்சு செத்துச் செத்துப் பிழைக்கிறது. பேச்சு எழும்போதெல்லாம் பெசன்ட் நகர் பதறுகிறது, குப்பத்தைத் தேடி வருகிறது. நம் பொது மேலாளர் போன தடவை எல்லையம்மன் கோயில் பக்கம் வந்து குப்பத்து ஆள் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“தலைவரே, நீங்க முன்னாடி நில்லுங்க. நாங்க பின்னாடி இருக்கோம். மீனவர் கேட்டாத்தான் கவர்மென்ட் பயப்படும்.”

அந்த மனிதர் பீடியை அணைத்தார். ஊரூர் குப்பத்து ஆட்கள் தங்கள் கரையைத் தாங்களே அளந்து வரைபடம் போடக் கற்றுக்கொண்டவர்கள். கற்றுக்கொண்டதோடு நிற்காமல் எண்ணூர் வரை போய் அங்கேயும் கூட நின்றவர்கள். வாடைக்காலத்தில் கடல் நீரோட்டம் வடக்கேயிருந்து தெற்கே ஓடும். அங்கே கொட்டியது இங்கே வலையில் வரும் என்று யாரும் அவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2017இல் கொட்டிய எண்ணெயும் அந்த வழியாகத்தான் தெற்கே வந்தது.

“நிக்கிறோம் சார். எண்ணூர்ல அடுத்த கூட்டம் வெச்சா நீங்க எங்ககூட வந்து கீழ உக்காருவீங்களா, மேலதான் உக்காருவீங்களா?”

சார் சிரித்தார். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது, அரசு பரிசீலிக்கலாம். அடுத்த சாம்பல் குட்டையை எலியட்ஸ் மணலிலேயே வெட்டலாம். நடப்பவர்களின் முழங்காலுக்கு இதமாக இருக்கும். அஷ்டலட்சுமி கோயிலுக்கு எதிரே கடலடியில் அமோனியாக் குழாய் ஒன்று. 1967இல் கட்டி 1977இல் உடைந்த அடையாற்றுப் பாலம் மிச்சமிருக்கிறதே, அதன் மேல் நிலக்கரிக் கன்வேயர் போகட்டும். காலி இடத்தை வீணாக்கக் கூடாது. “இப்பகுதியில் குறிப்பிடத்தக்க மக்கள் நடமாட்டம் இல்லை” என்று ஆலோசனை நிறுவனம் எழுதிக் கொடுத்துவிடும். 1997இல் கழிமுகத்தை அழித்த ரப்பர் இன்னும் தேய்ந்திருக்காது, பெசன்ட் நகரையும் அழித்துவிடலாம். அடுக்குமாடிக்கு ஒரு ஆர்.ஓ. டேங்க். பொது மேலாளர் வீட்டம்மாவுக்குத் தையல் மிஷின். பி.இ. முடித்த பையனுக்கு ஒப்பந்தக் காவலாளி வேலை, ராத்திரி ஷிப்ட். குடும்பத்துக்கு 12,500 ரூபாய் தயாராக வைத்துக்கொள்ளலாம், வாளியும் மக்கும் கம்பெனி கணக்கில்.

ஊரூர் குப்பத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர்கள் எங்களுக்கும் வேண்டாம், எண்ணூருக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம் என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை எர்ணாவூரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வைக்கலாம். பெசன்ட் நகரிலிருந்து யாராலும் நேரத்துக்கு வந்து சேர முடியாது, வழியெல்லாம் கன்டெய்னர் லாரி. வராவிட்டாலும் பரவாயில்லை. கோரம் தேவையில்லை.